பச்சையா, நீலமா

“எல்லாருக்கும் ஸ்க்ரீன் தெரியுதுங்களா?” என்று சென்னையிலிருந்து அஸ்வத் கேட்டான். தெரியுது, தெரியுது என்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். கலாமணியும் சொன்னாள். சொல்லிவிட்டு, தெரியாமல் போனால்தான் என்ன, வேண்டாத நேரத்தில் எல்லாம் பட்டென்று போகிற இந்தக் கணபதி ஏரியாக் கரண்டுக்கு இன்றைக்கு என்ன வந்தது, ஒரு மணி நேரம் போய்த் தொலையக்கூடாதா என்று நினைத்தாள். போகவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் நீல நிறத்தில் ஒரு பக்கம் விரிந்தது. அதன் மூலையில் ஒரு வட்டத்துக்குள் அஸ்வத்தின் முகம், சிரித்த முகம், விற்க வந்தவனுக்கு வேறு எந்த முகம் இருக்கும். மேசையின் தலைமாட்டில் நிரஞ்சன். பம்ப் கம்பெனியின் சின்ன முதலாளி. பெரியவர் முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகு எல்லாம் இவர்தான். முப்பது வயசு ஆகாதவர், கேட்காமல் எதையும் முடிவு பண்ணாதவர், நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளைதான் போன மாதம், டிராயிங் செக்சனைப் பார்த்துக்கொள்கிற அவளைக் கூப்பிட்டு, “மேடம், டிராயிங் செக்சன்ல யாரு என்ன பண்றாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அந்த போர்டுல காந்தம் ஒட்டறதெல்லாம் அப்பா காலம். நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பாருங்க. யாருக்கு எவ்வளவு வேலைன்னு தெரிஞ்சாத்தான் ஆள் பத்துமா, ஜாஸ்தியா, யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு சொல்ல முடியும்” என்றார். அனுப்பறது. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார், அடுத்த நிமிஷம் காபி வேணுங்களா என்று கேட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவள் கூடவே இறங்கி வந்து, படியில், வண்டியில், குக்கர் விசிலுக்கு நடுவில், எல்லா இடத்திலும் நின்றுகொண்டது. அனுப்புவது என்றால் யாரை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, திரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற சேவியர் அண்ணனைத்தான்.

“இது ஹோம் பேஜுங்க. யாரு எந்த வேலையில இருக்காங்கன்னு காலையில வந்ததும் இங்கயே பாத்துக்கலாம்” என்றான் அஸ்வத். பாத்துக்கலாம், பாத்துக்கலாம், இவனுக்கு எல்லாமே பார்ப்பதுதான். இரண்டு சாஃப்ட்வேரைப் பரிசோதனைக்கு எடுத்து வைத்திருந்தாள் கலாமணி. அதற்கெல்லாம் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள், அதனால் செக்சனில் பச்சை என்றும் நீலம் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பச்சை ஒரு அப்பாவி. இவர்களுடைய காந்த போர்டையே கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைத்த மாதிரி, செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது, அவ்வளவுதான், யார் செய்தது எவ்வளவு நேரம் செய்தது என்று நோண்டாது. நீலம் அப்படியில்லை. நீலத்தில் பணிச்சுமை என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பட்டை, வேலை பார்த்த மணிக்கணக்குக்குத் தக்கபடி அது நீளும், குறையும். இரண்டில் எதை நிரஞ்சனுக்குக் காட்டுவது என்பதை அவள் முடிவுக்கே விட்டிருந்தார்கள். அவள் நீலத்தைக் காட்டச் சொன்னாள். ஏன் நீலம் என்று செக்சனில் கூட வேலை பார்க்கிற ஷகீலா கேட்டபோது, “பச்சையில பெரிய டிராயிங் ஏத்தினா திணறுதுடி” என்றாள். திணறத்தான் செய்தது, பொய்யில்லை. எழுத்தும் ரொம்பப் பொடி. போனில் சரியாகத் திறப்பதில்லை. கேட்டால் இன்னும் நாலு சொல்வாள். காரணம் கேட்காமலே காரணம் அடுக்குகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும், வெண்டர்களோடு பதினெட்டு வருஷம் பேசியிருக்கிறாள் இல்லையா, மடியில் கனம் இருக்கிறவன்தான் இப்படி அடுக்குவான். திணறுகிறதாம், திணறுகிறது. யாரு திணறினது, பச்சையா, நீயா?

அவர்கள் செக்சனில் ஒரு வழக்கம் இருந்தது. கைமாத்து என்று சொல்வார்கள். காசு இல்லை, வேலை. ஒருவருக்கு முடியாமல் போனால் அவருடைய டிராயிங்கை மற்றவர்கள் எடுத்து முடித்துவிடுவார்கள். மூலையில் வரைந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் முடித்தவர் பெயர் வராது, யாருக்குக் கொடுத்ததோ அவர் பெயர்தான். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. யாரும் மேலே போய்ச் சொன்னதும் கிடையாது, சொல்லவும் ஒன்றுமில்லை, டிராயிங் நேரத்துக்குக் கீழே பட்டறைக்குப் போய்விடும், பம்ப் ஓடும். மயில்சாமியின் அப்பா தவறினபோது, ஷகீலாவுக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது, கிருபாகரன் காதலித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழனியில் கல்யாணம் பண்ணிவிட்டு ஒளிந்துகொண்டிருந்தபோது என்று எல்லாருக்கும் ஒருமுறை நடந்தது. கலாமணிக்கும். மகள் மிதுனாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவளுடைய டிராயிங், பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் டிராயிங், அத்தனையும் சேவியர் அண்ணன் கைதான். திரும்பி வந்து பார்க்கிறாள், எல்லாம் அவள் பெயரில், அவள் கோடு போடுகிற மாதிரியே, அவள் எப்போதும் பண்ணுகிற ஒரு சின்னக் கோணல்கூட அப்படியே. “அண்ணா, அந்தக் கோணலை நேர் பண்ணிருக்கலாமுங்களே” என்றாள். “நேர் பண்ணினா நீ போட்டதில்லைன்னு தெரிஞ்சுபோயிருமே அம்மிணி” என்று சிரித்தார். கைமாத்து என்றால் அவருக்கு அப்படி. சும்மா முடித்துத் தள்ளிவிடுவதல்ல, அந்த ஆளாகவே உட்கார்ந்து போடுவது. இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது. திரையில் அஸ்வத் எதையோ இழுத்து எதிலோ போட்டுக் காட்டினான், நிரஞ்சன் தலையாட்டினார்.

முதலில் மௌஸ்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், “கலா, இந்த மௌஸ் கெட்டுப்போச்சு, கோடு நிக்க மாட்டேங்குது, வேற ஒண்ணு சொல்லி வாங்கு” என்றார். வாங்கினாள். அதுவும் சரியில்லை என்றார். மறுபடி வாங்கினாள். அதற்கும் அதே கதை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது தற்செயலாக உள்ளே வந்தவள் பார்த்தாள், வலது கையை மௌஸ் மேல் வைத்து, அந்தக் கை மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டு, ஒரே ஒரு வட்டத்தை அவர் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார். திரும்பி அவளைப் பார்த்தார். “மௌஸ்ல ஒண்ணும் கோளாறு இல்ல போலிருக்கு” என்றார், ரொம்பச் சாதாரணமாக, மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி. நரம்பு டாக்டர் ஏதோ பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், மெள்ளக் கூடிக்கொண்டேதான் போகும் என்றார். ஐம்பத்து மூன்று வயசு. மூத்த பெண் நர்சிங் படிக்கிறாள், சின்னவன் பத்தாவது. கை நடுங்குகிற டிராஃப்ட்ஸ்மேனை இந்த ஊரில் எவன் எடுப்பான். அன்றைக்கு அவள்தான் எல்லாரையும் கூட்டி வைத்து, “அண்ணனுக்குக் கைமாத்து, எத்தனை நாளானாலும் சரி” என்றாள். அவள்தான் சொன்னாள். நினைக்கும்போதே காதெல்லாம் சூடானது. அன்றைக்கு அழுதாள்கூட, மற்றவர்களும் அழுதார்கள், எல்லாருக்கும் மனசு நிறைந்துபோய் இருந்தது. எத்தனை நாளானாலும் என்று சொல்லும்போது மனுஷர்கள் நாளை எண்ணிப் பார்த்தா சொல்கிறார்கள், ஒரு வீராப்பில் சொல்வதுதானே. பிறகு நாள் வந்தது, ஒவ்வொன்றாக வந்தது.

“மேடம், நீங்க ஏதாவது கேக்கணுங்களா?” அஸ்வத்தான். கலாமணி திடுக்கிட்டு, “இல்ல, போங்க, போங்க” என்றாள். போங்க என்று சொன்னோமே, இன்னும் நாலு கேள்வி கேட்டு இழுத்திருக்கலாமே, நேரம் ஆகிவிட்டால் நிரஞ்சன் எழுந்து போய்விடுவாரே, அந்தப் பக்கம் திறக்காமலே முடிந்துவிடுமே. அப்படி முடிய வேண்டும் என்றுதானே வேண்டிக்கொண்டிருக்கிறாய்? ஆமாம். அப்புறம் ஏன் போங்க என்றாய்? இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது, அது ஒரு ஆள் மாதிரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அவள்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சேவியர் அண்ணன் குனிந்து இடது கையால் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மயில்சாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பாட்டிலை வாங்கித் திருகிக் கொடுத்தான். நிரஞ்சன் கவனிக்கவில்லை. ஒன்றரை வருஷமாக இந்த ஆபீஸில் எத்தனை பாட்டில், எத்தனை டிபன் டப்பா, எத்தனை பேனா மூடி இப்படித் திறந்து கை மாறியிருக்கும். அவளும் திறந்து கொடுத்திருக்கிறாள். கடைசியாக எப்போது என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை.

பெரிய காரணம் ஏதாவது இருந்தால் தேவலை. தன் வீட்டில் ஒரு கஷ்டம், புருஷன் சண்டை, ஏதாவது. புருஷன் செல்வராஜ் முணுமுணுத்தார்தான், “ஊர்ல இல்லாத செக்சன், உனக்கு மட்டும் என்ன வேண்டுதலா?” என்று. மிதுனா ஒருதரம், “அம்மா, நீ சேவியர் மாமா வேலைக்கும் சேத்து சம்பளம் வாங்கறியா?” என்று கேட்டாள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. அசைத்தது ஒரு கோடு. ஒரு மத்தியானம், கண் எரிய, கழுத்து வலிக்க, சேவியர் அண்ணனுக்குக் கொடுத்த கேசிங் டிராயிங்கை, பம்பின் வெளிக்கூட்டை, அவர் பெயரில் அவள் முடித்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார். டம்ளரில் டீ, பாதிதான் ஊற்றிக்கொள்வார், சிந்தாமல் இருக்க. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கலா, அந்த வெளிக்கோடு சித்த தடிமனாப் போச்சு பாரு” என்றார். அவ்வளவுதான். தடிமன்தான், அவர் சொன்னது சரிதான், அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷன் இவர், உங்களுக்காக உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே குறை சொல்கிறீர்களா? ஆனால் வெளியே “ஆமாங்கண்ணா” என்று சொல்லி மெல்லிசாக்கினாள். அவர் போனதும், அதே கையோடு, அதே நாற்காலியில், பச்சைக்காரனின் மெயிலை மூடிவிட்டு நீலக்காரனுக்கு எழுதினாள், அடுத்த வாரம் எங்கள் முதலாளி முன்னால் செய்து காட்ட வர முடியுமா என்று. மெயில் போய்விட்டது என்று பெட்டியில் வந்தது. அப்போது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், சீ, இதைப் போய் யாரிடம் சொல்வது. தலைவலி மாத்திரை போட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி. நான் சொல்ல மாட்டேன், நான் ஏன் சொல்கிறேன், நான் காட்டிக்கொடுக்கிறவளா, அது சொல்லிவிடும்.

“இனிமேல்தாங்க மெயின் பிக்சரே” என்றான் அஸ்வத். ஷகீலா பேனாவைக் கீழே வைத்தாள். கிருபாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏன் இவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இப்படி விறைக்கிறார்கள் என்று கலாமணிக்குப் புரியவில்லை, தன் உள்ளங்கை வேர்த்ததைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பரிசோதனை ஆரம்பித்த அன்று அவள்தான் சொல்லியிருந்தாள், “தினமும் பொழுதோட அவங்கவங்க எந்த டிராயிங்கு, எத்தனை மணி நேரம், செஞ்சது யாருன்னு உள்ளே போட்டுருங்க. உள்ளதை உள்ளபடி போடுங்க. இது சும்மா சோதனைதான், யாரும் பாக்கப்போறதில்லை.” யாரும் பாக்கப்போறதில்லை என்று சொன்னபோது நிரஞ்சன் பார்க்கப்போவது அவளுக்குத் தெரியும். டம்மி கணக்கு வேண்டாம், நம்ம செக்சன் கணக்கையே காட்டச் சொல்லுங்க என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலம் அவள் உட்கார்ந்தாள். சேவியர் அண்ணனுக்குக் கொடுத்த மோட்டார் அடித்தட்டு டிராயிங், அவள் போட்டது. செய்தவர் என்ற இடத்தில் பெயர்களின் வரிசை இறங்கியது. விரல் சேவியர் மேல் நின்றது. பிறகு கலாமணிக்கு இறங்கியது. உள்ளதை உள்ளபடிதானே, பொய்யா சொல்கிறோம்? மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் விரல் நிற்கக்கூட இல்லை. அந்தப் பணிச்சுமைப் பக்கத்தை அவள் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அவள்தான் அட்மின், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், நேற்று ராத்திரி வரை எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். பார்த்தால் அழித்துவிடுவோம் என்று பயம், அதனால் பார்க்கவில்லை. என்ன இருக்கும் என்று தெரியும். நாலு பட்டை நீளமாக, ஒன்று ஒன்றுமே இல்லாமல், சேவியர் என்ற பெயருக்கு எதிரில் வெறும் வெள்ளை. நிரஞ்சன் கேட்பார். யாரும் பதில் சொல்ல வேண்டாம். அண்ணன் அவளைப் பார்ப்பாரா? பார்க்க மாட்டார். அவளும் மற்றவர்களும் ஒன்றாகத்தானே உட்கார்ந்திருப்பார்கள், ஐந்து பேரில் நாலு பேர் உண்மையை எழுதினால் அது நாலு பேர் பாவம், அவளுடைய பங்கு கொஞ்சம்தானே வரும்.

பக்கம் திறந்தது. அவள் முதலில் மேசையைத்தான் பார்த்தாள், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சேவியர் என்ற பெயருக்கு எதிரில் பட்டை இருந்தது. சிவப்பாக இருந்தது. நீண்டுகொண்டே போய், திரையின் ஓரத்தில் இடம் போதாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. மயில்சாமிக்கு ஒரு துண்டு. ஷகீலாவுக்கு ஒரு துண்டு. கிருபாகரனுக்கு ஏதோ பேருக்கு. “இது… ஒரு நிமிஷம்ங்க” என்றான் அஸ்வத். முதல்முறையாகச் சிரிப்பு நின்றது. “சேவியர் சார் யாருங்க? செவ்வாய்க்கிழமை மட்டும் முப்பத்தோரு மணி நேரம் வேலை பாத்ததா காட்டுது.” நிரஞ்சன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “ஒரு நாளைக்கே இருபத்து நாலுதானுங்களே” என்றார். பிறகு மயில்சாமி, “நான்தான் சார் தப்பா அழுத்திட்டேன், என் டிராயிங்க அண்ணன் பேர்ல போட்டுட்டேன்” என்றான். அவன் முடிப்பதற்குள், “இல்லீங் சார், அது நானு” என்றாள் ஷகீலா. கிருபாகரன் கையைத் தூக்கிவிட்டான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீயுமா? நீயுமா? ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமல், மற்றவன் எங்கே உண்மையை எழுதிவிடுவானோ என்று பயந்து, ஒவ்வொருவரும் தன் மணியையும் அதற்கு மேலேயும் அள்ளி அண்ணன் தலையில் கொட்டியிருக்கிறார்கள். அட லூசுகளா. அட என் லூசுகளா. கலாமணிக்குச் சிரிக்க வேண்டும் போலவும் ஓடிப்போய் மூன்று பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அந்த ஒரு விநாடி அவளும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தாள்.

“கலாமணி மேடத்தோடது மட்டும் ஒழுங்கா இருக்குதுங்க” என்றார் நிரஞ்சன். பாராட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் திரையின் கடைசி வரியைப் பார்த்தார்கள். கலாமணி, அழகான பச்சைப் பட்டை, நாளுக்கு நாள் கச்சிதம். அஸ்வத் உற்சாகமாகி, “இதுல என்னென்ன வேலைன்னும் பாக்கலாமுங்க” என்று அதை அழுத்தினான். பட்டியல் இறங்கியது. மோட்டார் அடித்தட்டு, கொடுக்கப்பட்டவர் சேவியர், செய்தவர் கலாமணி. கேசிங் மூடி, கொடுக்கப்பட்டவர் சேவியர், செய்தவர் கலாமணி. ஷாஃப்ட், கொடுக்கப்பட்டவர் சேவியர். இன்னும் இறங்கியது. போதும்டா, நிறுத்துடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஷகீலா திரையைப் படித்து முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள். கோபம் இருந்தால் பரவாயில்லை. புதிதாக ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. உள்ளபடிதானே போட்டேன், நான் ஒருத்திதானே சொன்னதைச் செய்தேன், பொய் எழுதினது நீங்கள்தானே என்று அவளுக்குள் ஒன்று அவசர அவசரமாகப் பேசியது, பேசப் பேச அது தனக்கே கேட்கவில்லை. சேவியர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து மேலே வைத்தார். அது பாட்டுக்கு ஆடியது. யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை, வெளிச்சத்தில், மறைக்காமல். “இந்தப் பசங்க போட்டதெல்லாம் பொய்யிங்க சார். ஒன்றரை வருஷமா நான் ஒரு கோடு போடலை. மேடம் போட்டதுதானுங்க சரி” என்றார். மேடம். பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு அந்த வார்த்தை வந்ததில்லை. குத்திச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினாள். குத்தல் இல்லை. ஏதோ மரியாதையோடுதான் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, “இதையே வாங்கிருங்க. நல்லா இருக்குது. எல்லாம் தெரியுது” என்றார்.

நிரஞ்சன் எழுந்து, “அண்ணா, நீங்க சித்த என் ரூமுக்கு வாங்க” என்றார். சேவியர் போனார். மயில்சாமி போனான். ஷகீலாவும் கிருபாகரனும் யாரும் கூப்பிடாமலே பின்னால் போனார்கள். நாற்காலிகள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. கலாமணி உட்கார்ந்தே இருந்தாள். போ, எழுந்து போ, போய்ச் சொல்லு, நான்தான் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன், மறைத்தது நான், கைமாத்து சொன்னது நான் என்று சொல்லு, இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்தாள். நடையின் கோடியில் கண்ணாடி அறை, கதவு பாதி திறந்திருந்தது. சேவியர் அண்ணன் நாற்காலியில் இருந்தார், மூன்று பேரும் அவர் பின்னால் சுவரோடு சுவராக நின்றார்கள். மயில்சாமி என்னவோ வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், எங்க அப்பா செத்தப்ப சார் என்று காதில் விழுந்தது. நிரஞ்சன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இதை மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமுங்களே. அண்ணனை அனுப்பறேன்னு நான் எப்பங்க சொன்னேன்? போட்ட டிராயிங்கைச் செக் பண்ண ஆளே இல்லாம வெளியே இருந்து ஆள் தேடிட்டிருக்கேன். அதுக்குக் கை எதுக்குங்க, கண்ணு போதுமே” என்றார். அப்பாடா, கடவுளே, அப்பாடா. ஒரு வார்த்தை. ஒன்றரை வருஷத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் அவள் வந்து சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தை. கண்ணில் நீர் முட்டியது, நிஜமான சந்தோஷம்தான், அதில் கலப்படமே இல்லை. கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தாள். ஷகீலா திரும்பினாள். ஆஸ்பத்திரியில் மிதுனாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள், அக்கா அக்கா என்று புடவைக்கடை வரைக்கும் கூடவே வருகிறவள். “ஒரு நிமிசங்க மேடம், பேசிட்டிருக்கோம்” என்று தணிவாகச் சொல்லி, கதவைச் சாத்தினாள்.

நடையில் எவ்வளவு நேரம் நின்றாளோ. திரும்பி வந்தபோது திரையில் அஸ்வத் இன்னும் இருந்தான், பாவம், அவன் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தான். “ஹலோ, யாராவது இருக்கீங்களா? ஓ, மேடம், இருக்கீங்களா, நான் லைன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். சார் ஓகே பண்ணிட்டாருங்களா?” என்றான். “வாங்கச் சொல்லிட்டாங்க” என்றாள். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. மகா சந்தோஷம் அவனுக்கு. “தேங்க்ஸுங்க மேடம். சோதனையில போட்ட அஞ்சு பேரையும் அப்படியே வெச்சுக்கலாங்களா, இல்ல யாரையாவது எடுக்கணுங்களா?” பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. மயில்சாமி, ஷகீலா, கிருபாகரன், சேவியர், கலாமணி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. “ஒருத்தரை எடுத்துருங்க” என்றாள். “யாரைங்க மேடம்?” அவள் தன் பெயரைச் சொன்னாள். அஸ்வத் சிரித்துவிட்டான். ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பான். “உங்களை எப்படிங்க மேடம் எடுக்கறது? நீங்கதான அட்மினு. அவங்க எல்லாரும் வந்து அவங்கவங்க வேலையைப் போடுவாங்க. தினமும் திறந்து எல்லாரோடதையும் பாக்கப்போறது நீங்கதான?”